ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய இன்ஜினியர்

பெரும்பாறைக்குக் கீழே உள்ள சின்ன மின்நிலையத்தில், வெள்ளம் வந்த அன்று, எச்சரிக்கைச் சங்கின் ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இன்ஜினியர் ஓடிவிட்டார் என்று பெருமாள்மலைக் கடைத்தெருவில் ஒரு பேச்சு. மளிகைக்கடை ஒலியுல்லா பாய் அதை ஓடியே காட்டுவார். விசாரிக்கப் போனால், வதந்திக்கே அவமானம்: அத்தனையும் உண்மை. எந்தப் பக்கம் ஓடினார் என்பதை மட்டும் கடைத்தெரு விட்டுவிட்டது.

இன்ஜினியருக்குப் பெயர் சேனாதிபதி. ஒட்டன்சத்திரத்துக்காரர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரண்டுக்குப் பயந்தார். உதவிப் பொறியாளரானதும் தணிக்கைக்காரர்களுக்குப் பயந்தார். நிலையப் பொறுப்பு வந்த பிறகு தண்ணீருக்கு. நிலையத்துக்குத் தண்ணீர் அனுப்பும் மலைமேல் தொட்டி நிறைந்தால் உபரியை ஓடையில் விடவேண்டும். மேலே மதகைத் திறக்கும் செல்லப்பாண்டிக்குப் போனில் சொல்லிவிட்டு, கீழே சங்கு ஊதுவார். கால் மணி நேரத்தில் மதகு திறக்கும். ஓடையில் இருப்பவர்கள் அதற்குள் கரையேறிவிட வேண்டும். சமயத்தில் சங்கு ஊதாமல் போய்விட்டால்? அந்தப் பயத்தில் தினமும் நண்பகலில் ஒருமுறை ஊதிச் சோதித்தார். வருஷக்கணக்காக, ஒருநாள் தவறாமல்.

வினை அங்கேதான். காப்பித் தோட்டத்து ஆட்களுக்கு அது சாப்பாட்டுச் சங்காகிவிட்டது. ஊதியதும் தூக்குவாளியோடு ஓடைக்கு இறங்கி, கை கழுவிப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

கார்த்திகை மழையில் ஒரு முற்பகல், தொட்டி நிறைந்தது. போனில் சொன்னார், ஊதினார், ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆட்கள் சாரிசாரியாக ஓடைக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

செல்லப்பாண்டியை மறுபடி கூப்பிட்டால் சிக்னல் இல்லை. ஆபரேட்டர் முத்துராஜ் பொத்தானுக்குக் கை நீட்டினான்.

“சார், இன்னொரு தடவ ஊதிருவமா?”

“ஏலே, தொடாதலே! ஊத ஊத எறங்குறாங்கல்ல!”

அவன் கையை நம்பாமல் ஃபியூஸைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். சரிவில் உருண்டும் விழுந்தும் ஓடைக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது தொண்டையில் காற்று மட்டும்தான் வந்தது.

“வாங்க தொரை,” என்றாள் தோட்டத்தில் வேலைசெய்யும் இராசாத்தி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்; பெரிய ஆளென்றால் அவளுக்குத் தொரைதான். “இன்னிக்கு வெள்ளனே ஊதிட்டீங்களே, அம்புட்டுப் பசியா?”

சிரிப்பு. அவர் கையை ஓடையின் மேல்பக்கம் நீட்டினார். அங்கே மூடுபனிதான் தெரிந்தது.

“என்னங்க தொரை, காட்டுமாடா?”

வெள்ளம் என்று விளக்க மூச்சு இல்லை. தலையை ஆட்டினார். உத்தியோகத்தில் அவர் கையெழுத்தில்லாமல் சொன்ன ஒரே பொய்.

காட்டுமாடு என்றால் அங்கே யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. “வெரசா ஏறுங்கடி!” என்று இராசாத்தி கத்த, வாளி போனால் போகட்டும் என்று எல்லோரும் கரையேறினார்கள். கடைசியாக அவரையும் ஒருத்தி சட்டையைப் பிடித்து இழுத்தாள். காலடியில் மண் அதிர்ந்தது. பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்தது. உட்கார்ந்திருந்த பாறைகளைக் காணோம்.



விசாரணைக்கு வந்த மேலதிகாரி, சங்கு திருப்திகரமாக இயங்கியதாக எழுதிப்போனார்.

வெள்ளத்தன்று இராசாத்தியின் வாளி மட்டும்தான் கையோடு தப்பியது. கரையில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்த சேனாதிபதியிடம் அதைத் திறந்து நீட்டினாள். “தின்னுங்க தொரை, மேலு ஆடுது.” என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் மொத்தச் சோற்றையும் அவர் தின்றுவிட்டார். பிறகுதான் அவள் பட்டினி என்பது உறைத்தது.

மறுவாரம் அவர் மனைவி விஜயராணி இராசாத்திக்குக் கோழிக்குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினார். வாளி திறக்காமலே திரும்பி வந்தது, கூடவே இராசாத்தியின் பதிலும்.

“நான் சோறு போட்டது ஓடைக்கரையில. தொரையும் அங்கன வந்து, எங்களோட ஒக்காந்து போடட்டும். அப்பத்தான் கணக்கு நேராகும்.”

சேனாதிபதி இரண்டு முறை கிளம்பியிருக்கிறார். தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வளைவு வரை போய்த் திரும்பியிருக்கிறார்.

“போகணுங்க. மழை வெறிக்கட்டும்னு பாக்குறேன்,” என்றார், விசாரிக்கப் போன என்னிடம். அது சித்திரை மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.