பறவைகளுக்குக் கொடுத்த ஊர்

இன்று யாழ்ப்பாணத்துச் சாந்தி அக்காவோடு ஜெர்மனியின் பால்டிக் கடற்கரைத் தேசியப் பூங்காவுக்குப் போனேன். காட்டு வேலியில் ஒரு பலகை: "உள்ளே வெடிக்காத குண்டுகள் உண்டு."

அருகில் நின்ற ஜெர்மன் முதியவர், உள்ளே ஊதாப்பூ பூத்திருந்த புதரைக் காட்டினார். "அது எங்கள் வீட்டு வாசல். நான் சிறுவனாக இருந்தபோது ராணுவம் குண்டுப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்ய வைத்தது."

"ஆமி போனாப் பிறகும் திருப்பிக் குடுக்கேல்லையோ எண்டு கேளும்," என்றார் அக்கா.

ஜெர்மனில் கேட்டேன்.

"இல்லை. பூங்காவாக்கிப் பறவைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்."

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டு வளவில ஆமி ஹோட்டல் நடத்துது. அறை எடுத்தா உள்ள போகலாமாம். எனக்கு ஏலாது."

மொழிபெயர்த்தேன். முதியவர் தொப்பியைக் கழற்றினார்.

பறவைகளா, ஹோட்டலா? எது பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.