ஊட்டி ஏரியில் நனைந்த முந்தானை

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு ஊட்டிக்குப் போனோம். ஆரணியில் என் கணவர் வீட்டாருக்குப் பட்டுக்கடை. போட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று மாமியார் கடையிலிருந்து ஒரு மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவையைக் கொடுத்தனுப்பினார்.

“அழுக்குப் படாம கட்டிகினு வா. திரும்ப கடையில வெக்கணும்.”

ஏரியில் மோட்டார் படகு சீறியது. வளையும்போதெல்லாம் தண்ணீர் வாரியடித்தது. கணவர் கூவிக் குதூகலித்தார். நானோ முந்தானையைச் சுருட்டி மார்போடு இறுக்கி, கொசுவத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக் குனிந்திருந்தேன். நடு ஏரியில் எங்கே இறங்குவது? மலை தெரியவில்லை, மரம் தெரியவில்லை. கண்ணுக்கு ஜரிகைதான் தெரிந்தது.

“பயமா இருக்குதா?” என்று கத்தினார்.

“புடவை நனையுதுங்க!”

அவர் முகம் மாறிவிட்டது. “ஏம்பா, ஜல்தியா கரைக்கு வுடு!” என்றார் படகோட்டியிடம்.

நான் பயந்திருந்தால்கூட அவர் படகைத் திருப்பியிருக்கமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தானையை விட்டேன். அது காற்றில் எழும்பி, தண்ணீரில் விழுந்து, படகோடு இழுபட்டு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து மலையைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் மாமியார் அதை விரித்துப் பார்த்தார். முந்தானையில் சாயம் ஓடியிருந்தது.

“இனிமே இத யாரு வாங்குவாங்க? நீயே கட்டிகினு அழு” என்று என் மடியில் வீசினார்.

அந்த வீட்டில் என்னுடையது என்று ஆன முதல் பொருள் அது.