தண்ணீருக்குள் சும்மா உட்கார

ஆற்றில் மூழ்குவதுதான் முப்பது வருடமாக என் வேலை. காவிரியிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் தலைப்பில் இரும்பு ஷட்டர் இருக்கும். தண்ணீரோடு வரும் மரக்கட்டை, ஆகாயத்தாமரைக் கொத்து, கிழிந்த மணல் சாக்கு எல்லாம் அதற்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஷட்டர் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. தண்ணீர் திறந்து மூடும் அரசாங்க ஆளை எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்போம். அவர் என்னைக் கூப்பிடுவார். நான் மூச்சை அடக்கி அடியில் போய், தடவித் தடவிச் சிக்கியதை இழுத்துக்கொண்டு வருவேன். கண்ணைத் திறந்ததே இல்லை. திறந்தாலும் கலங்கல்தான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் வராது. தண்ணீருக்குள் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை ஒத்துப்போனது. ஐம்பது தாண்டிய பிறகு அலுப்பு வந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு, சாப்பிடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

போன ஐப்பசியில் ஒரு மழைநாள். மகள் கொடுத்த பழைய போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்தமான் பக்கம் ஏதோ தீவு. முதுகில் காற்று சிலிண்டர் கட்டிய ஒருவன் கடலடி மணலில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். என்னை இழுத்தது மீன் இல்லை. அவன் எதையும் தேடவில்லை, எதையும் இழுக்கவில்லை. தண்ணீருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்படியும் ஒருவன் இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

மனைவியிடம் சொல்ல நாலு நாள் ஆயிற்று. தீவு என்றதும் ராமேஸ்வரம் என்று நினைத்து, என்ன வேண்டுதல் என்று கேட்டாள். விவரத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, அங்க போயும் தண்ணிக்குள்ளதானா? ஊர்ல அவனவன் ஓய்வுன்னா மேட்டுல போயி உக்காருவான்."

கூட வருகிறாயா என்றேன். கப்பலும் வேண்டாம், பிளேனும் வேண்டாம், நீங்களே போய் முங்கிவிட்டு வாருங்கள் என்றாள். தனியாகப் போவது அப்படித்தான் முடிவாயிற்று. எனக்கும் அதுதான் தேவைப்பட்டது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் பிளேன் டிக்கெட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். போகும் நாளை நான் குறித்தேன். தை பாதியில் மேட்டூரை மூடிவிடுவார்கள். ஆறு வற்றிவிடும், சம்பா அறுப்பும் முடிந்திருக்கும். ஆனி வரைக்கும் என்னை யாரும் தேட மாட்டார்கள். மாசியில் அங்கே கடலும் அமைதியாக இருக்குமாம்.

எனக்கு ஒரே ஒரு பயம். இளவட்டத்தில் மூச்சை அடக்கினால் நூற்றைம்பது வரை எண்ணுவேன். இப்போது எண்பதிலேயே நெஞ்சு முட்டுகிறது. இதைப் பார்த்துவிட்டு, இவன் லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தேன். அதனால் மார்கழி முழுக்க, பனி விலகுமுன் ஆற்றுக்குப் போனேன். ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்து எண்ணினேன். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, ஒருநாள் நூற்றுப்பத்து. அன்றைக்கு வலது காதில் சுருக்கென்றது. இரண்டு நாளில் சீழ் வடிந்தது. பஞ்சை வைத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

தை பிறந்ததும், தீவில் முங்கக் கற்றுத்தருகிறவரோடு மகள் போனில் பேச வைத்தாள். அவளும் லைனில் இருந்தாள். அவர் பெற்றோர் நம் பக்கத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். நன்றாகத் தமிழ் பேசினார். என்னைவிட மிகவும் இளையவர் என்பது குரலில் தெரிந்தது. ஆனாலும் சார் என்றுதான் சொல்ல வந்தது. என் வேலையைப் பற்றிக் கேட்டார். பெருமையாக நூற்றுப்பத்தைச் சொன்னேன்.

அவர் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"அண்ணே, இங்க அதுக்கு வேலையே இல்ல. சிலிண்டர்ல காத்து இருக்கு. வீட்டுல மாதிரி மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும். அடக்கவே கூடாதுண்ணே, அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். நீங்க பழகினத மறந்துட்டு வாங்க, போதும்."

பிறகு ஒரு படிவத்தைப் படித்து வரிசையாகக் கேட்டார். ஆஸ்துமா, நெஞ்சுவலி எதுவும் இல்லை என்றேன். காதில் தொந்தரவு உண்டா என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம்; வாய்வரை வந்தது. மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீழ் வருதுங்க சார்."

டாக்டர் கடிதம் இல்லாமல் கடலில் இறக்க முடியாது என்றார். கோபப்படாமல்தான் சொன்னார்.

கும்பகோணத்தில் காது டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். சவ்வில் ஓட்டை. மருந்து எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, தானாக மூடினால் நல்லது, இல்லாவிட்டால் பிறகு பார்ப்போம் என்றார். மாசிப் பயணம் அங்கேயே நின்றுபோயிற்று.

பங்குனியில் லஸ்கர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆறு வற்றினாலும் ஷட்டருக்குக் கீழே பள்ளத்தில் ஆள் முழுகுகிற தண்ணீர் நிற்கும். அதில் ஷட்டர் சங்கிலி அறுந்து விழுந்துகிடந்தது. அவர் கூப்பிட்டு நான் போகாத நாள் கிடையாது. வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"வர முடியாது தம்பி. காது நனையக் கூடாது."

"ஒரே முங்குதாண்ணே. பஞ்ச வச்சுக்கங்க."

"இல்ல தம்பி."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள், "அந்தமான்ல முங்கணுமாம் அவருக்கு. உங்க பள்ளம்லாம் இனிமே பிடிக்காது" என்றாள். லஸ்கர் சிரிக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று என்னையே கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். மூன்றாம் நாள் பள்ளத்தில் சேறுதான் இருந்தது. ஒருவர் நடந்துபோய்ச் சங்கிலியை எடுத்துவந்தார். கரையில் நின்று பார்த்தேன். இறைத்தால் வற்றுகிற பள்ளம்தான் அது. இத்தனை வருடம் யாரும் இறைக்கவில்லை. நான் இருந்தேன்.

சித்திரையில் டாக்டர் மறுபடி பார்த்தார். ஓட்டை சிறுத்திருக்கிறது, மூடவில்லை என்றார். அதற்குள் அங்கே மழைக்காலம் வந்துவிடும், வரும் மாசிக்குப் பார்ப்போம் என்றாள் மகள். சரி என்றேன். இப்போது கொல்லையில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழேதான் குளிக்கிறேன். தலையை ஈரத்துணியால் மனைவி துடைத்துவிடுகிறாள். அந்த நேரத்தில் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். "மூச்ச விடுங்க" என்று அவள் முதுகில் தட்டுகிறாள்.