கப்பலின் அடிவயிறு

மாப்பிள்ளை அனுப்பிய அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது பலாப்பழம் என்றுதான் நினைத்தேன். முள் முள்ளாக, பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீருக்குள் தெரிந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில், நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் எனக்கு, உலகத்தின் தென்கோடிக் கடலிலிருந்து ஒரு மனிதர் பலாப்பழத்தைப் படம் பிடித்து அனுப்புவானேன் என்று சிரிப்புகூட வந்தது. கீழே இருந்த வரிகளைப் படித்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "கப்பல உள்ள விடல மச்சான். இதான் கப்பலோட அடி. வெளிய போகச் சொல்லிட்டாங்க. இனிமே சிக்னல் கெடைக்காது. அவகிட்ட இப்ப சொல்லாதீங்க."

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் மோட்டார்மேன் வேலை. முத்தாண்டிக்குப்பத்து முந்திரித் தோப்பில் வளர்ந்தவர் கடலுக்குப் போனதே ஊருக்கு ஓர் அதிசயம். எங்கள் அப்பா அம்மா இல்லாததால் தங்கையின் தலைப்பிரசவம் என் வீட்டில். நிறைமாதம். பிரஷர் ஏறியிருக்கிறது, மனசைக் கலக்கும் சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கப்பலை உள்ளே விடாத அந்தத் துறைமுகத்தில் இறங்கி, விமானம் பிடித்து, பிரசவத்துக்கு முன் மாப்பிள்ளை வந்து சேர்வதாக ஏற்பாடு. இப்போது துறைமுகமே அவரை வேண்டாம் என்றுவிட்டது.

கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளரும். ஒரு கடலின் சிப்பி இன்னொரு கடலில் போய் இறங்கினால் அங்கே இருப்பதையெல்லாம் ஒழித்துவிட்டுத் தான் மட்டும் பெருகும். அதனால் நாடுகள் கூடிப் பேசி, அடியைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வரும்படி கப்பல்களுக்கு வழிமுறை வகுத்திருந்தன. மாப்பிள்ளையின் கப்பலைத் திருப்பியனுப்பிய தீவு நாடு அதைச் சட்டமாகவே போட்டுவிட்டது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே கடல் என் பம்ப் ஹவுஸ்தான்.

அனல்மின் நிலையத்தில் குளிர்நீர் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். சல்லடையில் பாசி அடைத்தால் தண்ணீர் குறையும்; தண்ணீர் குறைந்தால் சூடேறும்; சூடேறினால் யூனிட்டே படுத்துவிடும். கப்பலும் அப்படித்தானே? தண்ணீர் உறிஞ்சும் வாயைச் சிப்பி அடைத்திருக்கும், இன்ஜின் நின்றிருக்கும், மாப்பிள்ளை நடுக்கடலில் மிதந்துகொண்டிருப்பார். ஒன்றும் தெரியாதவனுக்கு ஒரே பயம். பாதி தெரிந்தவனுக்கு அந்தப் பயம் குட்டி போடும். எனக்கு ஷிப்டுக்கு ஒரு குட்டி போட்டது.

போர்மேனிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று சொன்னேன். வருஷக் கணக்காக என் கிண்டலைத் தாங்கியவர் அவர். கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா? "சிப்பிக்காகவா ஒரு கப்பலத் திருப்புவான்? உம் மாப்ள தங்கம் கிங்கம் கடத்தியிருப்பாரு. ஆளு உள்ள இருப்பாருய்யா" என்றார். அதிலிருந்து கப்பல் மூழ்கும் காட்சியும் மாப்பிள்ளை கம்பி எண்ணும் காட்சியும் மாறி மாறி ஓடின. ஜெயிலே தேவலாம், அது மூழ்காது என்று ஒரு மத்தியானம் முழுக்க நிம்மதியாகக்கூட இருந்தேன்.

வீட்டில் நான் நடித்த நடிப்பு எனக்கே சகிக்கவில்லை. டிவியில் வானிலை அறிக்கையில் கடல் வந்தால் சேனலை மாற்றினேன். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன். என் மனைவி அடுக்களைக்குள் கூப்பிட்டு, "நீங்க மறைக்கிற லட்சணத்துக்கு வாசல்ல நோட்டீஸே ஒட்டிடலாம்" என்றாள்.

அந்த வார விடுப்பு நாளில் மாப்பிள்ளையின் அப்பா மருமகளைப் பார்க்க வந்தார். தோளில் ஒரு பலாப்பழம். அதைக் கூடத்தில் இறக்கினார். முள் முள்ளான அந்த உருண்டையைப் பார்த்ததும் நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்துவிட்டேன்.

"இன்னா தம்பி, பாம்பப் பாத்தாப்புல எழுந்திரிக்கிறீங்க?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தங்கை வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, அவருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கு? ஒண்ணுமில்லம்மா."

"பொய் சொல்லாத. மாமா வந்தா அவரு மீசையப் பத்தி ஒரு வார்த்த சொல்லாம உன்னால இருக்க முடியுமா? இன்னிக்கி மரியாதையா 'வாங்க'ன்ன. ரெண்டு மூணு நாளா நீ யாரையும் ஓட்டல. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. இருக்காரா, இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவளை அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று நான் செய்த காரியத்தின் பலன் இது. அவள் என்னைவிடப் பெரிய பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். போனை அவளிடம் நீட்டினேன். படித்தாள். வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவள் மாமனார் போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார். "நம்ம ஏரியில ஆகாயத்தாமர பூந்துகினு தண்ணியே தெரியாமப் பண்ணிச்சே, அந்த மாதிரி ஆயிடும்னு தடுக்குறானுவோ போலக்குது. நியாயந்தான்."

"அவங்க ஏரிய அவங்க பாத்துக்கட்டும் மாமா," என்றாள் தங்கை. "நம்ம ஆளு எங்க?"

பலாப்பழத்தை அன்றைக்கு யாரும் வெட்டவில்லை.

போன் வந்தபோது நான் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "உள்ள விட்டுட்டாங்க மச்சான்" என்றது மாப்பிள்ளையின் குரல். "இங்க வெளிய வந்துட்டா மாப்ளே, பொண்ணு" என்றேன். பல நாளுக்குப் பிறகு வாயில் வந்த முதல் வேடிக்கை அது. சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், குழந்தையின் அப்பா நான்தான் என்று எண்ணித் தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்யக் கப்பல் பக்கத்து நாட்டுக்குப் போயிருக்கிறது. சுரண்டி எடுக்கும் சிப்பி தன் தண்ணீரிலும் விழக் கூடாது என்றது அந்த நாடு. விழாமல் உறிஞ்சிப் பிடிக்கிறோம் என்று இன்னொரு நாட்டிலிருந்து முக்குளிப்பவர்கள் வந்தார்கள். தீவு நாட்டு அதிகாரிகளும் பக்கத்து நாட்டு அதிகாரிகளும் பேசி ஒத்துக்கொண்ட பிறகு அவர்கள் கப்பலுக்கு அடியில் இறங்கினார்கள்.

"கீழ ஆளுங்க இருக்கறப்ப ப்ரொப்பெல்லர் ஒரு சுத்து சுத்துனாப் போதும் மச்சான், அவங்க கதி முடிஞ்சிது. இன்ஜினக் கெளப்ப முடியாம பூட்டு போட்டாச்சு. ஆனாலும் ஒரு ஆளு பக்கத்துலயே உக்காரணும்னு சீஃப் இன்ஜினியர் என்ன உக்கார வெச்சிட்டாரு. காலுக்கு அடியில கர்ர்னு சுரண்டுற சத்தம் கேக்கும். சத்தம் கேட்டா, உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். நடுவுல நின்னுடும் பாருங்க, அப்ப எனக்கு உசுரே இருக்காது. அவங்க மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. பாஷையும் தெரியாது. அந்த எடத்த விட்டு எந்திரிக்கவே பயம் மச்சான்."

தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இங்கே அவருக்காக நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அங்கே முன்பின் தெரியாத யாருக்காகவோ நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். என் பயம் ரசத்தைக் கொட்டியது, சேனலை மாற்றியது, பழத்தைக் கண்டு துள்ளியது. அவர் பயம் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பம்ப் ஹவுஸில் குழாயைச் சுத்தம் செய்யக் கான்ட்ராக்ட் ஆட்கள் உள்ளே இறங்கினால், பூட்டுப் போட்ட சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கடைசி ஆள் வெளியே வந்து முகத்தைத் துடைக்கும் வரைக்கும் டீக்குக்கூட எழுந்திருப்பதில்லை. போர்மேனுக்கு இதில் ஏகக் கொண்டாட்டம்.

"என்னய்யா, சுவிட்சுக்குக் காவல் தெய்வமா நீ?"

"ஆமா சார்," என்கிறேன், உள்ளே கேட்கும் சுரண்டல் சத்தத்திலிருந்து காதை எடுக்காமல். "ரொம்பப் பயந்த தெய்வம்."