கேட்டால் சொல்வார் தைஸ்தோ

வர்கவுஸ் நகரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற தைஸ்தோ ரூஸ்கனனுக்கு எடை தூக்குவதைப் பற்றித் தெரியாதது கொஞ்சம். அதைப் பற்றி அவர் வாய் திறந்து பேசியது அதைவிடக் கொஞ்சம். மீசை பொன்னிறமாக இருந்த காலத்திலிருந்து, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில் இருக்கும் குண்டுவீச்சுப் பதுங்கறைக்கு வந்து எடை தூக்கிக்கொண்டிருக்கிறார். குண்டு எதுவும் விழாததால் அதை ஜிம் ஆக்கியிருந்தார்கள். இரும்புக் கதவு ஒரு சாண் கனம். வெளிச்சத்தம் உள்ளே வராது. உள்ளேயும் சத்தம் இருக்காது என்றால், அது கதவின் திறமை அல்ல, ஆட்களின் குணம்.

தைஸ்தோவுக்கு ஒரு கொள்கை உண்டு. கேட்காதவருக்கு யோசனை சொல்லக் கூடாது. யாராவது பக்கத்தில் வந்து, "நான் செய்யறது சரிதானா?" என்று வாய்விட்டுக் கேட்டால் தாராளமாகச் சொல்வார். இதுவரை இரண்டு பேர் வந்து கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் கேட்டது கழிவறைக்கு வழி.

மற்றபடி யார் எதைத் தூக்கினாலும் போட்டாலும் அவர் சொல்வது ஒரே சொல். "யாஹா." அந்த ஊரில் அது எதற்கும் ஆகும். சரி என்பதற்கும் யாஹா, சரியில்லை என்பதற்கும் யாஹா, நான் கிளம்புகிறேன் என்பதற்கும் யாஹா. பெண்டாட்டி ஓடிப்போனாள் என்று சொன்ன நண்பனுக்கும் அவர் யாஹாதான் சொன்னார். நண்பன் ஆறுதலடைந்தான்.

அதற்காக அபிப்பிராயம் இல்லாத மனிதர் என்று நினைத்துவிடக் கூடாது. பயிற்சி முடிந்து, பக்கத்திலிருக்கும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்து, கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி ஆவி கிளம்பியதும் அவருடைய நீதிமன்றம் கூடும். அன்றைக்கு ஜிம்மில் யார் யாருக்கு என்ன யோசனை சொன்னார்கள், அது தேறுமா தேறாதா என்று தீர்ப்பு வரும்.

ஜனவரியில் ஹெல்கா தியாய்னன் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஐம்பதைத் தொட்ட வயது. நடு முதுகில் வலி. முதுகுக்குப் பலம் ஏற்றிக்கொண்டு வசந்தத்தில் வா, தேறினால் சமையலறை, இல்லையென்றால் வேறு வேலை பார்க்கலாம் என்று வேலையிட மருத்துவர் சொல்லியிருந்தார். வேறு வேலை என்பது மேஜை துடைப்பது. அடுப்பைவிட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் ரவுனோ. காப்பீடு விற்பவர். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பயிற்சி கற்றவர். வந்தவளிடம் பேர் கேட்டவர் அந்தப் பதுங்கறையிலேயே அவர் ஒருவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை வட்டுகள் மாட்டிய இரும்பு ராடைத் தரையில் வைத்து, குனிந்து எடுக்கச் சொன்னார்.

"முதுகு நேரா, ஹெல்கா! நேரா!"

ஹெல்கா நேராக வைத்தாள். கொடியேற்றும்போது நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி, அப்படியே முழங்காலை மடக்கிக் கீழே போனாள். முழங்கால் முன்னால் போய் ராடில் இடித்தது. குதிகால் எழும்பியது. இழுத்தபோது இடுப்பு முதலில் மேலே போக, முதுகு பூனை முதுகாக வளைந்தது.

"சூப்பர்! இன்னும் கொஞ்சம் வெயிட் போடலாம்!" என்றார் ரவுனோ.

ஹெல்கா திரும்பித் தைஸ்தோவைப் பார்த்தாள். "யாஹா," என்றார் தைஸ்தோ.

அன்று சவுனாவில் சூடு அதிகம்.

"அந்தக் காப்பீட்டுக்காரன் அந்தம்மா முதுக ஒடிக்காம விடமாட்டான்," என்றார் தைஸ்தோ. "நேரா நேராங்கிறான். நேரா வைக்கிறது வேற, நிமிந்து நிக்கிறது வேற. சாஞ்சு நிக்கிற பலகையும் நேராத்தானே இருக்கு?"

"அப்போ போய்ச் சொல்லேன்யா," என்றான் தபால்காரன் ஏர்க்கி.

"அவங்க கேக்கலையே."

"அதுவும் சரிதான். தண்ணி ஊத்து."

இப்படியாக, ஊரிலேயே மிகச் சரியான யோசனைகள், அவை தேவைப்படாத நாலு ஆண்களுக்கு, அம்மணமாகச் சொல்லப்பட்டன. ஹெல்கா சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் சவுனாவில், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி போனது. ஒவ்வொரு தடவை தூக்கியதும் அவள் தைஸ்தோவைப் பார்ப்பாள். அவர் யாஹா என்பார். ராடில் எடை ஏறியது. தைஸ்தோவுக்கு வண்டி ஓட்டும்போதெல்லாம் அந்தப் பூனை முதுகு கண்ணாடியில் தெரிந்தது. இன்றைக்காவது கேட்டுவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு போவார்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை அவள் உடை மாற்றாமலே வந்தாள். ரவுனோ அன்று இல்லை. அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், தைஸ்தோ முன்னால் நின்றாள்.

"நான் நிறுத்திக்கிறேன். இன்னிக்குப் பட்டாணி சூப்பு அண்டாவ எறக்கறப்போ சுருக்குனு புடிச்சிருச்சு. மூச்சு விட முடியல."

"யா..." என்று ஆரம்பித்த தைஸ்தோ மீதியை முழுங்கினார். "நீங்க தூக்கறது தப்பு. முதல் நாள்லேருந்தே தப்பு."

ஹெல்கா அவரை உற்றுப் பார்த்தாள். "முதல் நாள்லேருந்தா? அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கல."

"கேக்கலையா? ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சியத்தானே பாத்தேன்! அதுக்கு மேல எப்பிடிக் கேக்கறது? தப்புன்னா சொல்லியிருப்பாரே, பேசாம இருக்காரு, அப்போ சரிதான் போலன்னு நெனச்சேன். ரவுனோ சொன்னத நான் நம்பல. நீங்க சும்மா இருந்ததத்தான் நம்பினேன்."

தைஸ்தோவுக்குக் காது சிவந்தது. நியாயம்தானே. அந்த ஊரில் ஒரு பெண் அறிமுகமில்லாத ஆணின் முகத்தை மூன்று மாதம் பார்த்தால் அது கேள்வியா இல்லையா? பெருங்குரலில் கேட்டதற்குச் சமம்.

உடனே அவர் பரிகாரத்தில் இறங்கினார். இறங்கியவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஆயுள் முழுக்கச் சேர்த்துவைத்ததைக் கொட்டினார். பாதம் எங்கே, பார்வை எங்கே, மூச்சை எப்போது அடக்குவது, அக்குளை எப்படி இறுக்குவது, ராடு காலை உரசலாமா, கட்டைவிரல் எந்தப் பக்கம். ஒரு துடைப்பக் கட்டையைக் கையில் கொடுத்து, இப்போது செய்யுங்கள் என்றார். ஹெல்கா துடைப்பத்தோடு சிலைபோல் நின்றாள்.

"இதுக்கு ரவுனோவே தேவல," என்றாள். "அவர் தப்பா ஒண்ணு சொன்னாரு. நீங்க சரியா இருபது சொல்றீங்க. என்னால அசையவே முடியல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

தைஸ்தோ யோசித்தார். சவுனாவில் அவர் இப்படி யோசித்ததே இல்லை. அங்கே யாரும் தூக்க வேண்டியதில்லை.

"கீழ போகாதீங்க," என்றார் கடைசியில். "பின்னாடி போங்க."

"எது பின்னாடி?"

தைஸ்தோ கூரையைப் பார்த்தார். "அது... உக்காருவோமே, அது."

ஹெல்காவுக்குச் சிரிப்பு வந்தது. வலியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ரெண்டு கையிலயும் தட்டு இருக்கறப்போ அடுப்புக் கதவப் பின்பக்கத்தால இடிச்சுச் சாத்துவேனே, அந்த மாதிரியா?"

துடைப்பத்தைப் பிடித்தபடி, இல்லாத கதவை அவள் சாத்திக் காட்டினாள். முதுகு சாய்ந்தது, ஆனால் பலகைபோல் நேராக இருந்தது. "அதேதான்! அப்பிடியே!" என்று தைஸ்தோ கத்திய கத்தலில், ஓடும் எந்திரத்தில் இருந்த ஏர்க்கி தடுமாறினான்.

அப்புறம்தான் அவருக்கு வேறொன்று உறைத்தது.

"அந்த அண்டாவுக்கு எத்தன கைப்பிடி?"

"ரெண்டு."

"இன்னொண்ண யாரு புடிக்கிறா?"

"யாருமில்ல. நானேதான் ரெண்டையும்."

"கூட யாரும் வேலை செய்யலையா?"

"மார்கெத்தா இருக்கா. பாத்துக்கிட்டு நிப்பா. அவளா வந்து புடிச்சதில்ல."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

ஹெல்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்க வந்த சாவியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முதுகு ஆறி, அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் வியாழக்கிழமை, வழக்கமான பட்டாணி சூப்பு அண்டா கொதித்து முடிந்ததும், "மார்கெத்தா, அந்தப் பக்கம் புடியேன்," என்றாள். மார்கெத்தா கரண்டியைப் போட்டுவிட்டு வந்து பிடித்தாள். "அப்பாடா! நீ யாரையும் கிட்ட சேக்கமாட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி. இத்தன வருஷமா பாக்கறேன், ஒரு வார்த்த கூப்பிடல நீ."

மே மாதம் மருத்துவர் ஹெல்காவைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், சமையலறையிலேயே இருக்கலாம் என்றார். பயிற்சி காரணமா, மார்கெத்தா காரணமா என்று அவளுக்குத் தெரியாது. தைஸ்தோவுக்கும் தெரியாது. சவுனா நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

தைஸ்தோ மட்டும் கொள்கையைத் திருத்திக்கொண்டார். போன வாரம், வழுக்கைத் தலைப் பல்மருத்துவர் ஒருவர் புதிதாக வந்து, முழங்கையைக் கோழி இறக்கைபோல் விரித்துக்கொண்டு படுத்தபடி ராடைத் தள்ளிக்கொண்டிருந்தார். தைஸ்தோ இரண்டு தடவை நடந்து போய்த் திரும்பி, மூன்றாவது தடவை நின்றேவிட்டார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

பல்மருத்துவர் காதிலிருந்ததைக் கழற்றினார். "வேணாங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

தைஸ்தோவுக்கு முதலில் சுருக்கென்றது. தன் ராடுக்குத் திரும்பி வருவதற்குள் மனசு லேசாகிவிட்டது. அந்தப் பதுங்கறையில் யாரும் யாருக்கும் இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை.