நாகலக்ஷ்மி மாமி வீட்டு வைஃபை

நாகலக்ஷ்மி மாமியின் பேச்சு வந்தால் ஸ்நேகாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு விஜயதசமி காலை. கரமனை அக்ரஹாரத்தில் பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரே சுவர்தான். மாமி வாசல் வழியாக வரவில்லை. கொல்லைச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

“ஸ்நேகா, ஆபீசுக்குக் கிளம்பிட்டியா?”

“இன்னிக்கு லீவு மாமி.”

“அப்போ ஒண்ணு வந்து நோக்கேன். கம்ப்யூட்டர்ல நெட் வரலை.”

“வைஃபை பெட்டியில லைட் எரியறதா?”

“அதெல்லாம் நன்னா மின்னிண்டிருக்கு. என் போன்ல வரது. கம்ப்யூட்டருக்குத்தான் என்ன கோபமோ.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேளா?”

“பண்ணிப் பண்ணிக் கை ஓஞ்சு போச்சு.”

உள்ளே கட்டிலிலிருந்து வெங்கடகிருஷ்ணன் மாமாவின் குரல் கேட்டது. பக்கவாதம் வந்த பிறகு அவர் பேச்சு கொஞ்சம் இழுக்கும். கேலி மட்டும் இழுக்கவில்லை.

“ரெண்டு நாள் பூஜையில உட்கார வெச்சோமோல்லியோ. உட்கார்ந்து பழகிடுத்து. எனக்குக் கூட்டாளி கிடைச்சான்.”

“நீங்க சும்மா இருங்கோ. பத்து மணிக்கு நான் வேலையில ஏறணும்” என்று மாமி திரும்பிச் சொன்னாள். பிறகு சுவர்ப்பக்கம் பார்த்து, “வரியாடி?” என்றாள்.

“வரேன். காப்பியெல்லாம் வேண்டாம் மாமி.”

“அது என் ஆத்து விஷயம். நீ வேகம் வா.”

ஸ்நேகா போனாள். ஒரு கம்பெனியில் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை. தெருவில் யார் வீட்டில் நெட் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டாள். வந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்புவாள்.

மாமிக்குப் பிறந்த ஊர் தென்காசி. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மலையாளத்தில் பால்காரனிடம் கணக்குச் சொல்லக்கூடத் தெரியாது. மாமா ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். குழந்தை இல்லை. பகல் பொழுது போகாமல் மாமி ஒரு படிப்புப் படித்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்தபின் மைக்கில் பேசிப் பதிவு செய்வதைக் காதில் கேட்டு, அப்படியே டைப் செய்து அனுப்புகிற வேலைக்கான படிப்பு. முதலில் ஆபீசுக்குப் போனாள். பிறகு வீட்டிலேயே கம்ப்யூட்டர் வந்தது. பின்கட்டு அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து, குரலை நிறுத்தியும் ஓட்டியும் அவள் டைப் செய்வதைச் சின்ன வயதில் ஸ்நேகா கதவருகே நின்று பார்த்திருக்கிறாள். தையல் மிஷின் என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

அந்த டாக்டர்களில் ஒருவர்மேல் மாமிக்குத் தனிப் பிரியம். இதய டாக்டர். நிதானமாகப் பேசுவார், ஒவ்வொரு பதிவின் முடிவிலும் நன்றி சொல்வார். யாருக்குச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு சமயம் பல நாள் அவர் குரல் கம்மிப்போய், நடுநடுவே இருமிக்கொண்டிருந்தார். மாமி பஸ் பிடித்துப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். “அவர் பேர்ல அர்ச்சனை பண்ணினா நட்சத்திரம் கேட்பா, எனக்கெங்கே தெரியும்?” என்று தெருவில் சொல்லிச் சிரித்தாள். மாமா அந்த டாக்டருக்கு ‘உன் கடல்தாண்டிய தமையன்’ என்று பெயர் வைத்திருந்தார்.

பிறகு, டாக்டர்கள் பேசுவதைத் தானே கேட்டுத் தானே எழுதும் சாஃப்ட்வேர் வந்தது. மாமிக்கு அதன் பிழைகளைத் திருத்தும் வேலை. அந்த நாட்களில்தான் மாமா டிராவல்ஸ் ஆபீஸ் படியிலேயே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. வீடு மாமியின் சம்பளத்தில் ஓடியது. உடற்பயிற்சி சொல்லித்தர வினீத் என்ற பையன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். ஒருமுறை மாமிக்குச் சம்பளம் தாமதமானபோது, மாமா அவளுக்குத் தெரியாமல் வினீத்தை இனி வரவேண்டாமென்று அனுப்பிவிட்டார். கை மறுபடி மரக்கட்டையாயிற்று. அவனைத் திரும்பக் கூப்பிட மாமாவிடம் மாமி கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த வருஷப் பூஜையில் கம்ப்யூட்டருக்குத் தானே பொட்டு வைப்பேன் என்றார் மாமா. அஷ்டமி சாயங்காலம் புத்தகமும் கருவியும் பூஜையில் வைத்தால் தசமி காலை எடுக்கும்வரை தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். மாமியின் பிழைப்பு கம்ப்யூட்டரில் இருந்ததால் அதுவும் பூஜையில் உட்கார்ந்தது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வலது கை விரலால்தான் மாமா சந்தனம் இட்டார்.

ஸ்நேகா கம்ப்யூட்டரை இயக்கிப் பார்த்தாள். எந்த வைஃபையின் பெயரும் திரையில் வரவில்லை. வைஃபை வாங்கும் பொருளே தன்னிடம் இல்லை என்பதுபோல் இருந்தது அது. பெட்டியைத் திருப்பினாள். பின்னால் வைஃபைக்காகச் செருகியிருந்த நகமளவு துண்டின்மேல் சந்தனம் அப்பியிருந்தது. கை நடுங்கி வழிந்திருக்க வேண்டும். துண்டை உருவினால் சொருகுமிடத்துக்குள்ளும் சந்தனம், காய்ந்து கட்டியாக.

“பகவானே, இங்கேயுமா இட்டார்” என்று மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அவர்கிட்டே சொல்லாதே. அப்புறம் பூஜை சாமான் எதையுமே தொடமாட்டார்.”

ஸ்நேகா துண்டைப் பஞ்சால் துடைத்து, பக்கத்து ஓட்டையில் செருகினாள். சின்ன நீல விளக்கு மின்னியது. வைஃபை பெயர் வந்தது. நெட் வந்துவிட்டது. மாமி அவளைத் தள்ளாத குறையாக நாற்காலியில் உட்கார்ந்து, வேலைப் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டினாள். ஏற்கவில்லை. மறுபடி தட்டினாள். ஏற்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் சந்தனம் இருக்கோ உள்ளே?” என்றாள் மாமி.

“இல்லை மாமி. நெட் வந்தாச்சு. இது வேற. ஆபீஸ்ல கேளுங்கோ.”

மாமி தன் மேலாளர் ரெஷ்மாவுக்குப் போன் செய்தாள். அந்த நேரத்தில் கூடத்தில் வினீத் வந்து பயிற்சியைத் தொடங்கியிருந்தான். “ஒந்நு... ரண்டு...” என்று அவன் எண்ணுவதும் மாமா மூச்சை இழுப்பதும் பின்கட்டுவரை கேட்டது. போனில் ரெஷ்மாவின் குரல் ஸ்நேகாவுக்கும் காதில் விழுந்தது. “அய்யோ சேச்சி, ஆரும் விளிச்சில்லே?” என்று கேட்டாள் அவள். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லையா? திருத்தும் வேலையும் இனி வேண்டாமென்று பூஜைக்கு முன்பே முடிவாகிவிட்டதாம். எல்லாருடைய கணக்கையும் மூடிவிட்டார்களாம். ரெஷ்மாவுக்கே இந்த மாதக் கடைசிவரைதானாம்.

“செரி மோளே. நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு மாமி போனை வைத்தாள். ஹெட்போனின் ஒயரைச் சுற்றி மேஜைமேல் வைத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். கூடத்தில் வினீத் “சூப்பர் அங்கிள், தோள்வரை வந்நு” என்றான்.

அன்று சாயங்காலம் மாமாவுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. கம்ப்யூட்டருக்குள் சந்தனம் இறங்கி வைஃபை கெட்டுவிட்டது. ஸ்நேகா எவ்வளவோ பார்த்தும் சரியாகவில்லை. அது சரியாகும்வரை மாமி ஆபீசுக்கே போய் வேலை செய்வாள், சம்பளத்தில் குறைவில்லை. அது பொய் என்று மாமிக்கும் ஸ்நேகாவுக்கும் மட்டும் தெரியும்.

பழவங்காடிக் கோயிலுக்குப் பின்சந்தில் ஒரு கேட்டரிங் சமையல்கூடம் உண்டு. கல்யாணச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மாமி தினமும் காலை பஸ்ஸில் அங்கேதான் போனாள். சேனை நறுக்கிக் கை அரிக்கும். வாழைக்காய்க் கறை விரல் இடுக்கில் கறுத்துப் படியும். வீட்டுக்கு வருமுன் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் முழுக்கப் போகாது. ஒருநாள் மாமா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன கறுப்பு?”

“பிரிண்டர் மை. அங்கே எல்லாம் நாமேதான் எடுக்கணும்.”

“இங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தே. என்னால...” என்று மாமா நிறுத்திவிட்டார்.

வைஃபை பெட்டி வாசலறை அலமாரியில் இருந்தது. மாமாவின் கட்டில் கூடத்தில். யாரும் பிடிக்காமல் அதுவரை அவர் ஓரடி எடுத்து வைத்ததில்லை. மாமி வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வாசலறைக்குப் போய், பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். ஸ்நேகாதான் எப்போதோ சொல்லியிருந்தாள், அப்படிச் செய்தால் சில சமயம் சரியாகும் என்று. அப்புறம் அது தினப்படி வழக்கமாயிற்று. வினீத் பூரித்துப் போனான். தெருவில் எல்லாரும் மாமா நடக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். லீவு நாட்களில் வந்து பார்க்கும் ஸ்நேகாவிடம் அவர் கேட்பார்: “இப்போ நோக்கு, வந்துடுத்தோ?” அவள் பின்கட்டுக்குப் போய், நன்றாக இருக்கும் கம்ப்யூட்டரின் முன் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்து, “இல்லை மாமா” என்பாள்.

“நான் இடாம இருந்திருந்தா வந்திருக்குமோடி?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமா.”

அவர் நெற்றியில் எப்போதும் ஒரு சந்தனக்கீற்று இருக்கும். அது நின்றுபோனது. கோயிலிலிருந்து இலைத்துண்டில் பிரசாதம் வந்தால் பூவை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சந்தனத்தை அப்படியே திருப்பி நீட்டுவார். ஸ்நேகா அதைக் கொல்லைச் சுவருக்கு மேலாக மாமியிடம் சொன்னாள்.

“பார்த்தேன்” என்றாள் மாமி. “சொல்லிடணும்னுதான் தினமும் நினைச்சுண்டு பஸ் ஏறறேன். ஆனா வீட்டுக்கு வந்தா, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டறார் ஸ்நேகா. சின்னக் கொழந்தை மாதிரி. நாளைக்குச் சொல்றேன்.”

ஆடியில், கர்க்கடக மழையில், மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். இரண்டாவது பக்கவாதம் என்றார் டாக்டர். பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த மருமான் கிரிஷ் ரயில் டிக்கெட் எடுக்கப் பின்கட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டான். “நெட் நன்னா வேகமா இருக்கே மாமி” என்றான். அடுப்படியில் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த மாமி, “ஆமா, மாமா தினமும் சரி பண்ணுவார்” என்றாள்.

இந்த வருஷம் அந்த வீட்டில் பூஜை கிடையாது. தசமியன்றும் மாமி வேலைக்குப் போனாள். அன்று சமையல்கூடத்தில் நிறைய வேலை. லீவில் இருந்த ஸ்நேகா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. போன தசமியன்று, ஹெட்போன் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் மாமி கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது.

“ஸ்நேகா, எனக்காக ஒண்ணு பண்ணு. வேலை போச்சுன்னு தெரிஞ்சா இந்த வினீத்தை இன்னிக்கே நிறுத்திடுவார். வேறெங்கேயாவது சேர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் சரியாகலைன்னே சொல்லு. சந்தனம் உள்ளே போய்க் கெட்டுடுத்துன்னு சொல்லு. நான் சொன்னா சந்தேகப்படுவார். நீ சொன்னா நம்பிடுவார்.”