பொறு அண்ணனின் நாற்பது நிமிடம்

எங்கள் எரிவாயுக் கிணற்றுத் தளத்தில் அவரைப் "பொறு" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் சுத்தியலை எடுத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அது. குழாய்களைப் பூட்டுவதும் கழற்றுவதும் அவர் வேலை. நான் பம்ப் வண்டிக்குள் உட்கார்ந்து மீட்டர் பார்ப்பவள். பதினோரு வருடமாக அவர் எனக்கு அண்ணன்.

முன்பெல்லாம் தண்ணீர்தான். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் களிப்பாறைக்குள் எரிவாயு அடைபட்டுக் கிடக்கும். தண்ணீரை முழு அழுத்தத்தில் இறக்கிப் பாறையை விரிசல் விட வைப்போம். ஒரு கிணற்றுக்கு நூற்றுக்கணக்கான லாரித் தண்ணீர். ஊர் குடிக்கத் தவிக்கும்போது இதென்ன அநியாயம் என்று சண்டை வந்தது. அதனால் இப்போது தண்ணீருக்குப் பதில் கரியமில வாயு. குளிரவைத்து, அழுத்தித் திரவமாக்கி லாரியில் கொண்டுவருகிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் சாது. பம்பை நிறுத்தி வடித்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் குழாயைக் கழற்றிவிடலாம். இந்தச் சனியன் அப்படியா? அழுத்தம் குறைந்ததும் குழாய்க்குள்ளேயே பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் மீட்டர் பூஜ்யம் காட்டும், அடைப்புக்கு அந்தப் பக்கம் முழு அழுத்தத்தோடு எமன் உட்கார்ந்திருப்பான். கட்டி ஆவியாகிப் போக நாற்பது நிமிடம் சும்மா நிற்கவேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம்.

அந்தக் குளிர் அவருடைய இடது கையில் மூன்று விரலைச் சாகடித்துவிட்டது. சட்டைப் பொத்தான்கூடப் போடமுடியாது. "இன்னொரு தடவை குளிர் தாக்குனா விரலை எடுத்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தார். "உங்களை விட்டா இதுக்கு யாருங்க இருக்கா?" என்று மேனேஜர் மூன்று முறையும் சிரித்தே அனுப்பிவிட்டார்.

அண்ணனுக்குக் கீழே வேலை பார்ப்பவன் அவர் மனைவியின் தம்பி. அண்ணன்தான் சேர்த்துவிட்டார். முப்பது வயதாகிறது, தங்கமானவன், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எதற்கும் அவசரம். போன மாதம் ஒருநாள் அண்ணன் கையுறை மாற்றப் போன நேரத்தில், மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு இணைப்பைத் தட்டித் தளர்த்த ஆரம்பித்துவிட்டான். ஓடிவந்த அண்ணன் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். அடைப்பு பிய்த்துக்கொண்டது. துள்ளிய குழாய் என் வண்டிக் கதவை நசுக்கியது. சற்று முன்வரை அவன் தலை இருந்த அதே உயரம்.

"மாமா, அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க. பயத்துலயே செத்துடுவா" என்று அழுதான். மேனேஜரிடம் சொன்னால் வேலை போய்விடும். அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. கதவை லாரி இடித்தது என்று நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அது இன்றுவரை என்னைக் குத்துகிறது.

நேற்று கையெழுத்து வாங்க மேனேஜர் அறையில் நின்றிருந்தேன். அண்ணனைக் கூப்பிட்டு, "இப்ப சந்தோஷமா? ஸ்டோர் உங்களுக்குத்தான். உங்க இடத்துக்கு உங்க மச்சானையே போட்டுட்டேன்" என்றார்.

அண்ணன் மேசைப் பக்கம் வலது கையை நீட்டினார்.

"வேணாம் சார். மனுவைக் குடுத்துடுங்க. நான் குழாய்லயே இருக்கேன்."

"ஏன்யா?"

"சும்மாதான் சார்."

மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே ஸ்டோர் கீர்னு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது" என்று மனுவை வீசினார். விழுந்த தாளைப் பொறுக்க அண்ணனுக்கு வலது கைதான் உதவியது.

இன்று காலை, சேர்ந்து வேலைக்குப் போக அவர் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணி அவருக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் தம்பி ஒரு படி மேல போனா உங்களுக்கு என்னங்க வயித்தெரிச்சல்? உங்க விரல் போனாலும் பரவால்ல, அவன் முன்னுக்கு வந்துடக் கூடாது. அதானே?"

அண்ணி கண்ணில் தண்ணீர். கழுத்துப் பொத்தானுக்காக அண்ணன் முகவாயைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பொறும்மா" என்றார் அண்ணன்.

தெருவில் ஜீப்பை உறுமவிட்டபடி தம்பிக்காரன் ஹாரனை அடித்தான். "மாமா, சீக்கிரம் வாங்க! நேரமாச்சு!"